குளிர்காலம் இல்லாத கடல்

படகு இயந்திரங்களோடு வரும் கையேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அவை பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. சுவீடனிலும் வட அமெரிக்காவின் ஏரிக்கரைகளிலும் படகுக்கு ஒரு பருவம் உண்டு. இலைகள் உதிரத் தொடங்கியதும் படகைக் கரையேற்றிவிடுகிறார்கள். இயந்திரத்தில் தங்கிய நீரை வடித்துவிடுகிறார்கள். உறைந்தால் அது இரும்பையே பிளந்துவிடும் அல்லவா? எண்ணெயை மாற்றுகிறார்கள், போர்வையிட்டு மூடுகிறார்கள். பனி உருகி இளவேனில் பிறக்கும்போது மீண்டும் திறந்து, துடைத்து, நீரில் இறக்குகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை படகு முழுவதும் உடையவரின் கண்முன்னே வந்து நிற்கிறது. பார்க்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்கத் தேவையில்லை. பார்க்காமல் இருப்பதற்குத்தான் அவர் முயல வேண்டும்.

நம் கடலுக்குக் குளிர்காலம் இல்லை. கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் தையும் ஒன்றுதான், ஆடியும் ஒன்றுதான். நீர் எந்நாளும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. படகு பன்னிரண்டு மாதமும் நீரிலேயே கிடக்கலாம். இன்று மாலை புறப்படலாம். ஆறு மாதம் கட்டியே போட்டும் வைக்கலாம். எந்தப் பருவமும் வந்து உடையவரின் கதவைத் தட்டுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படகு இயந்திரங்களைப் பழுதுபார்த்து வாழ்கின்ற நான், பழைய படகுகள் இங்கே கெட்டுப்போவதற்கு உப்பைவிட இதனையே பெரிய காரணமாகக் கருதுகிறேன். அதிலும் ஸ்டெர்ன் டிரைவ் என்னும் பொறி பூட்டிய படகுகளுக்கு இது உயிர்நிலையான செய்தி.

அப்பொறியைக் கண்டிராத மாணவர்களுக்காகச் சிறிது விளக்குவது நல்லது. கேத்தாம் தீவுக்குப் போகும் வழியில் காணும் மரப் படகுகளில் இயந்திரம் நடுவயிற்றில் இருக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு நேரே பின்னோக்கிச் செல்லும். அதன் முனையில் விசிறி சுழலும். சிறு மீன்பிடிப் படகுகளிலோ இயந்திரம் முழுவதும் வெளியே, பின்பலகையின்மேல் தொங்கும். ஸ்டெர்ன் டிரைவ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இயந்திரம் உள்ளே, பின்பலகையை ஒட்டி அமர்ந்திருக்கும். பலகைக்கு வெளியே கால் போன்ற ஓர் உறுப்பு நீருக்குள் இறங்கியிருக்கும். பட்டறையில் நாங்கள் அதனைக் 'கால்' என்றே சொல்வது வழக்கம். இயந்திரத்தின் சுழற்சி பலகையைக் கடந்து வெளியே வந்து, பற்சக்கரங்களால் செங்குத்தாகக் கீழே திரும்பி, மீண்டும் ஒருமுறை கிடையாகத் திரும்பி விசிறியை அடைகிறது. இக்கால் இடமும் வலமும் திரும்பும். அதுவே படகின் சுக்கானும் ஆகும். ஆழமற்ற இடங்களில் மேலே தூக்கிக்கொள்ளவும் செய்யும்.

1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் வால்வோ பென்டா நிறுவனம் இதனை 'அக்குவாமேட்டிக்' என்னும் பெயரோடு அறிமுகம் செய்தது. ஜிம் வின் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் எண்ணம் அதற்கு அடிப்படை. 1961-இல் மெர்க்குரி நிறுவனத்தின் மெர்குரூசர் வந்தது. 1982-இல் ஒன்றற்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு விசிறிகளைக் கொண்ட காலையும் வால்வோ பென்டா கொண்டுவந்தது. ஒரு காலத்தில் உல்லாசப் படகு என்றாலே இதுதான் என்னும் நிலை இருந்தது. இப்போது புதிதாக வாங்குவோரில் பலர் வெளியே தொங்கும் இயந்திரங்களையே விரும்புகிறார்கள். ஆகவே என் பட்டறைக்கு வரும் ஸ்டெர்ன் டிரைவ் படகுகள் பெரும்பாலும் முதியவை. அவற்றின் உடையவர்களும் பெரும்பாலும் முதியவர்களே.

இப்பொறியின் சிறப்பு எதுவோ அதுவே அதன் ஆபத்தும் ஆகும். பின்பலகையில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய துளை இருக்கிறது. அத்துளையின் வழியே சுழலும் தண்டு வெளியே வருகிறது. கால் திரும்பவும் உயரவும் வேண்டியிருப்பதால் அவ்விடத்தை இரும்பால் இறுக அடைத்துவிட முடியாது. ஆகவே மடிப்பு மடிப்பான ஒரு இரப்பர்க் குழாயை வைத்து, இரு முனைகளிலும் எஃகுப் பட்டியால் முடுக்கியிருக்கிறார்கள். பல்லாயிரம் வெள்ளி மதிப்புள்ள இயந்திரத்துக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்த இரப்பர்தான். ஆங்கிலத்தில் அதனைப் பெல்லோஸ் என்பர்.

நான் அதனைத் துருத்தி என்று அழைக்கிறேன். பட்டறையில் என்னிடம் வேலை பழகும் இளைஞர்களுக்கு முதலில் இச்சொல் வேடிக்கையாக இருந்தது. கொல்லன் உலையில் காற்றை ஊதும் தோல் துருத்தியை அவர்கள் பார்த்ததில்லை. ஒருநாள் மடிப்புகளை விரித்தும் சுருக்கியும் காட்டியபோது, "ஹார்மோனியம் மாதிரி" என்றான் ஒருவன். அவன் சொன்னதும் சரியே. ஹார்மோனியத்தினுள் இருப்பதும் துருத்திதான். கொல்லனின் துருத்தி காற்றை வாங்கிக் காற்றை விடும். படகின் துருத்தி எதையும் வாங்கக் கூடாது. எதையும் விடக் கூடாது. வளைய மட்டும் வேண்டும். நம் பழைய தொழில்களின் சொற்கள் இப்படிப் புதிய தொழிலில் வந்து பொருந்தும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை, தமிழாசிரியர்கள் அறிவார்கள் என்று நம்புகிறேன்.

இரப்பரைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர்கள். வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் எப்படிப் பிசுபிசுத்துப் பின்பு எப்படி வெடிக்கும் என்பதைச் சிறு வயதிலேயே விரலால் அறிந்தேன். ஆனால், துருத்திக்குப் பயன்படுவது நம் மரத்துப் பால் அன்று. இயற்கை இரப்பர் வெகுவாக நீளும், எளிதில் கிழியாது. எண்ணெய் பட்டால் மட்டும் ஊதி நைந்துவிடும். காற்றிலுள்ள ஓசோன் வாயு அதன் வளைவுகளில் வெடிப்பை உண்டாக்கும். எனவே, நியோப்ரீன் போன்ற செயற்கை இரப்பரால் துருத்தி செய்கிறார்கள். நியோப்ரீன் 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அது எண்ணெயைத் தாங்கும். ஓசோனையும் பெருமளவு தாங்கும். எனினும் அதற்கும் முதுமை உண்டு. ஓடினாலும் முதுமை வரும். ஓடாமல் கிடந்தாலும் வரும். "இந்த ஆண்டு பத்து மணி நேரம்கூட ஓட்டவில்லையே" என்று சொல்லும் உடையவர்களுக்கு இதை விளங்க வைப்பதுதான் என் தொழிலில் கடினமான பகுதி.

நிறுத்தி வைக்கும்போது காலைத் தூக்கி வைப்பதா, இறக்கி வைப்பதா என்னும் வினா எங்கள் வட்டாரத்தில் தீராத வழக்கு. தூக்கி வைத்தால் பாசியும் கொட்டலசும் குறைவாகப் பிடிக்கும். ஆனால், துருத்தி நாள் முழுவதும் வளைந்தே கிடந்து அவ்வளைவிலேயே விறைத்துவிடும். காலைத் தூக்கும் நீரழுத்தத் தண்டுகளும் வெளியே நீண்டு நிற்கும். பளபளவென்று இருக்கும் அவ்வெஃகின்மேல் கொட்டலசு குடியேறினால், அடுத்தமுறை தண்டு உள்ளே போகும்போது அதன் கூர்மை எண்ணெய்த் தடையை அறுத்துவிடும். இறக்கி வைத்தாலோ கால் முழுவதும் நீரில் ஊறும். துருத்தியின் மடிப்புகளுக்குள் கொட்டலசு முளைக்கும். கால் திரும்பும்போதெல்லாம் அதன் ஓடு இரப்பரைக் கத்திபோல் அறுக்கும். மலாய் நண்பர்கள் இதனைத் தெரித்திப் என்பார்கள். பெரும்பாலான கையேடுகள் இறக்கி வைப்பதையே சொல்கின்றன. நானும் அதையே சொல்கிறேன். ஆனால், மாதம் ஒருமுறையேனும் அடியில் தேய்த்துச் சுத்தம் செய்பவருக்கு மட்டும்தான் சொல்கிறேன். வெந்நீர்க் கடலில் கொட்டலசு வளரும் வேகத்தைக் கையேடு எழுதியவர் கண்டிருக்க மாட்டார்.

படகு கரையேறி வந்ததும் நான் கருவிப்பெட்டியைத் திறப்பதில்லை. முதலில் சுற்றி வருவேன். பிறகு ஒரு மரச் சுத்தியால் பின்பலகையைத் தட்டுவேன். கண்ணாடி இழையால் செய்த படகு என்கிறோமே தவிர, பழைய படகுகளில் பின்பலகையின் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. திருகாணித் துளையின் வழியே நீர் உள்ளே புகுந்தால் வெளியே பளபளப்பு மாறாமலே உள்ளே மரம் கூழாகிவிடும். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று வரும். கெட்ட இடத்தில் மந்தமாக ஒலிக்கும். சிலை வடிக்கும் சிற்பி கல்லைத் தட்டி அதன் குணத்தை அறிவான் என்பார்கள். அது எவ்வளவு உண்மையானது என்பது பலகையைத் தட்டும்போது விளங்கும். பலகை கெட்டிருந்தால் மற்ற வேலைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவ்வளவு எடையுள்ள காலைத் தாங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

அடுத்து, காலின் அடிநுனியை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் அசைப்பேன். உள்ளே சுக்கான் பிடியை இன்னொருவர் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. கால் ஆடியும் சுக்கான் அசையாமல் இருந்தால், காலைத் தாங்கும் கிம்பல் வளையத்திலோ அதன் மேல் தண்டிலோ தேய்மானம் இருக்கிறது என்று பொருள். படகை நேராக ஓட்ட முடியவில்லை, சுக்கானைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி வருவோர் பலர். காற்றின்மேலும் அலையின்மேலும் பழியைப் போடுவார்கள்.

பிறகுதான் எண்ணெய். நான் மிகவும் நம்புவது இச்சோதனையையே. காலின் அடியில் ஒரு திருகாணி இருக்கும். அதனை மெல்லக் கழற்றி, முதலில் வரும் சில துளிகளை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடிப்பேன். நீர் எண்ணெயைவிடக் கனமானது. படகு சில நாள் அசையாமல் இருந்திருந்தால் நீர் அடியில் தங்கி முதலில் அதுவே வெளிவரும். ஓடி வந்த படகாயின் நீரும் எண்ணெயும் கலந்து பாலூற்றிய தேநீர்போல் வெளுத்திருக்கும். அது நீர் புகுந்ததற்குச் சான்று. திருகாணியின் காந்தமுனையில் மென்மையான சாம்பல் பூச்சுபோல் இருந்தால் கவலையில்லை. பற்சக்கரம் தேய்வதன் இயல்பு அது. நகம்போல் செதில்கள் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. எண்ணெயை மீண்டும் நிரப்பும்போது கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மேல்துளை வழியே வெளியேறும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று சிக்கி, நிரம்பியதுபோல் தோன்றும். திருகாணியின் வளையங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். சில காசு விலையுள்ள அவ்வளையத்தைச் சிக்கனம் பிடித்துப் பற்சக்கரங்களை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சீசாக்களை நான் எறிவதில்லை. படகின் பெயரும் ஆண்டும் எழுதிப் பட்டறையின் பின்சுவரில் வரிசையாக வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு அது ஊறுகாய்க் கடைபோல் தோன்றுகிறது.

எண்ணெயில் நீர் கலப்பதற்கு நம் கரையில் ஒரு தனிக் காரணம் உண்டு. தூண்டில்காரர்கள் அறுந்த நைலான் நூலை நீரில் விட்டுவிடுகிறார்கள். அது விசிறித் தண்டில் சுற்றிக்கொள்கிறது. சுழலச் சுழல உள்ளே போய், தண்டைச் சுற்றியுள்ள இரப்பர்த் தடையை அறுக்கிறது. விசிறியைக் கழற்றாமல் இதனைக் காண முடியாது. ஆகவே விசிறியைக் கழற்றிப் பார்ப்பது எனக்கு எழுதப்படாத விதி. ஒருமுறை ஒரே தண்டிலிருந்து ஒரு கைப்பிடி அளவு நூலை எடுத்தேன். அப்படகின் உடையவரே தூண்டில் பிரியர். நூலின் நிறத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

காலின் உடல் அலுமினியத்தால் ஆனது. விசிறி பல படகுகளில் துருவேறா எஃகு. உப்பு நீரில் இவ்விரண்டும் சேர்ந்து இருக்கும்போது ஒரு மின்கலம் உண்டாகிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். அதனைக் காக்க, அலுமினியத்தைவிட எளிதில் அரிபடும் உலோகக் கட்டிகளைக் காலில் பொருத்தியிருப்பார்கள். காலுக்காக அவை தம்மையே கொடுக்கின்றன. கடலுக்குத் துத்தநாகக் கட்டி ஏற்றது. நன்னீருக்கு மக்னீசியம், அதனைக் கடலில் போட்டால் விரைவில் கரைந்துவிடும். கிள்ளான் ஆற்று வாய்போல் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் துத்தநாகத்தின்மேல் ஒரு படலம் பிடித்து அது செயலற்றுப் போவதுண்டு. அவ்விடத்துக்கு அதற்கென்றே வார்த்த அலுமினியக் கலவைக் கட்டியே நல்லது. பாதி கரைந்தவுடன் மாற்ற வேண்டும். கட்டி புத்தம் புதிதாகவே இருக்கிறது, கரையவே இல்லை என்று மகிழ்பவர்களைப் பார்த்தால் எனக்கு அச்சம் உண்டாகும். அது வேலை செய்யவில்லை என்பதே அதன் பொருள். கட்டியின்மேல் சாயம் பூசக் கூடாது. காலின் உறுப்புகளை இணைக்கும் மெல்லிய கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் அந்த உறுப்பு காவலற்றுப் போகும். செம்பு கலந்த அடிச்சாயத்தை அலுமினியத்தின்மேல் பூசுவதும் தீமையே. இதனைப் பலமுறை சொல்லியும் பூசிக்கொண்டு வருவோர் இருக்கிறார்கள்.

குளிர்நீரை இறைக்கும் சிறு இரப்பர்ச் சக்கரத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. நம் ஆற்றுச் சேறு அதன் இதழ்களை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. உடைந்த இதழ் ஒன்று காணாமற்போனால் அதனைத் தேடிக் கண்டுபிடித்தே தீர வேண்டும். நீர்வழியில் எங்கோ அது அடைத்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் இயந்திரமாயின் முடுக்குவதற்கு முன் நான்கைந்து நிமிடம் காற்றூதியை ஓடவிட்டு, இயந்திர அறையை முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

2022-ஆம் ஆண்டு ஒரு பெரியவர் தம் படகைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படகு 1980-களின் இறுதியில் கட்டியது, காலும் அப்போதையதே. பள்ளி விடுமுறைக்குப் பேரனும் பேத்தியும் வருகிறார்கள், இருவரையும் மீன்பிடிக்க அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், எண்ணெய் மாற்றி நெருப்புச் செருகிகளைப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார். துருத்தி எப்போது மாற்றியது என்று கேட்டேன். இந்தப் படகை வாங்கியது முதல் அப்படி ஒன்று இருப்பதே தமக்குத் தெரியாது என்றார். வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

"தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லையே, தம்பி?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. படகின் அடிக்குழி காய்ந்தே இருந்தது. ஆறு மரைகளைக் கழற்றி, இருவர் சேர்ந்து காலை இறக்கினோம். காலைத் தாங்கும் மணிபோன்ற கூடு மட்டும் பலகையோடு நின்றது. துருத்தி அதனோடு பொருந்தியிருந்தது. அந்தி நேரம். ஒரு கைவிளக்கைத் துருத்தியினுள் நுழைத்து, வெளியே இருந்து பார்க்கச் சொன்னேன். மடிப்புகளின் அடியில் முதிய முகத்தின் சுருக்கங்களைப்போல் வெடிப்புகள் தெரிந்தன. ஆனால், ஒளி எங்கும் கசியவில்லை. "பார்த்தாயா? ஓட்டை இல்லை" என்றார் பெரியவர். அவருடைய குரலில் வழக்கை வென்றவரின் நிம்மதி இருந்தது.

நான் கூட்டைக் கையால் பிடித்து, படகு முழு வளைவில் திரும்பும்போது கால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு இடப்பக்கம் தள்ளினேன். வலப்பக்கத்து மடிப்பு ஒன்று விரிந்தது. அதன் அடியில் ஊசிமுனையளவு ஒளி தோன்றியது. நேராக்கினேன், மறைந்தது. மீண்டும் தள்ளினேன், மீண்டும் தோன்றியது. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

பின்பு கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றினோம். மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. பழுப்பு நீர் ஒழுகியது. படகின் அடிக்குழி காய்ந்திருந்ததன் காரணம் அப்போது தெளிவாயிற்று. துருத்தியின் வழியே புகுந்த நீரை அதற்கு உட்புறம் இருந்த பேரிங்கும் அதன் தடையும் இதுவரை தாங்கி வந்திருக்கின்றன. அவையும் இளைத்துவிட்டன. அடுத்த நிலை என்ன என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தகைய படகுகள் நடுக்கடலில் மூழ்குவதைவிடக் கட்டிய இடத்தில் இரவில் மூழ்குவதே மிகுதி. அடிக்குழியின் மின்னிறைப்பி மின்கலத்தைத் தீர்க்கும்வரை இறைத்துவிட்டு ஓய்ந்துபோகும். ஆனால், இவர் ஏற்றிச் செல்ல இருந்ததோ இரண்டு குழந்தைகளை. ஆற்றுவாயைத் தாண்டி முழுவேகத்தில் போகும்போது, வழியில் மிதக்கும் மரத்துண்டைக் கண்டு சட்டென்று திருப்பினால் அம்மடிப்பு விரியத்தான் செய்யும்.

துருத்தி, பட்டிகள், பேரிங், தடைகள் எல்லாம் சேர்த்துச் செலவைச் சொன்னேன். உதிரிகள் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னேன். விடுமுறையோ பத்து நாளில். அவர் முகம் வாடியது. மறுநாள் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறார். அங்கே ஒருவர், வெடிப்பின்மேல் சிலிக்கான் பசையைத் தடவிக் கொடுத்தால் இந்த விடுமுறையை ஓட்டிவிடலாம் என்றாராம். விலை ஐம்பது வெள்ளி.

"அது தாங்காதா, தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"அசையாத இடமாக இருந்தால் தாங்கும், ஐயா. இது நாள் முழுவதும் வளைகின்ற இடம். கொட்டலசு ஒட்டியிருந்த இரப்பரில் பசை எத்தனை நாள் பிடிக்கும்? நான் காலை மாட்டித் தரமாட்டேன். படகு உங்களுடையது, வேண்டுமானால் கூலி வாங்காமல் இழுவண்டியில் ஏற்றித் தருகிறேன்."

இப்படிப் பேசுவது எனக்கு எளிதன்று. பட்டறைக்கு வந்த வேலை வெளியே போனால் அந்த மாதம் அதற்கு ஈடு இல்லை. மேலும், உடையவரின் பணத்துக்காகத்தான் பழுதை இவன் பெரிதாக்குகிறான் என்னும் ஐயம் எத்தொழிலாளிக்கும் வரக்கூடியது. நம்பத்தக்கவரையும் நம்பத்தகாதவரையும் பிரித்தறிய உடையவரிடம் வேறு அளவுகோல் இல்லை. அதனாலேயே பழைய உறுப்புகளை நான் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஊசிமுனை ஒளியை அவரே பார்த்திருந்ததுதான் எனக்கு இருந்த ஒரே வலிமை.

மூன்று நாள் கழித்து வந்தார். படகை இங்கேயே விடுகிறேன் என்றார். குழந்தைகள் வந்தபோது துறைமுகத்துப் பாலத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்களாம். பேத்திக்கு ஒரு கெளுத்தி கிடைத்ததாம். பேரன் மட்டும் தாத்தாவோடு இரண்டு நாள் பேசவில்லையாம்.

உதிரிகள் வந்ததும் வேலை நான்கு நாளில் முடிந்தது. புதிய பேரிங்கைப் பொருத்திய பின், இயந்திரம் காலுக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது நெடுநேர வேலை. அதற்கென்று ஒரு நீண்ட எஃகுத் தண்டு உண்டு. அதன் முனையில் கிரீஸ் தடவிப் பேரிங்கின் வழியே இயந்திரத்தின் பல்வெட்டுக்குள் செலுத்த வேண்டும். இரண்டு விரலால் தள்ளினால் போக வேண்டும். சுத்தி எடுக்க நேர்ந்தால் இயந்திரம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வெளியே எடுத்துக் கிரீஸின்மேல் பல்லின் தடம் சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படகின் முன்தாங்கிகள் ஆண்டுக்கணக்கில் அமுங்கி இயந்திரம் முன்பக்கம் தாழ்ந்திருந்தது. பதினோரு முறை தண்டைச் செலுத்தி எடுத்தோம். என்னுடன் வேலை பார்த்த இளைஞன் ஒவ்வொரு முறையும் எண்ணினான். எனக்குப் பொறுமையின் பெருமையைச் சொல்ல அல்ல, தேநீர் வேளை தவறிக்கொண்டிருந்ததால்.

படகை எடுக்க வந்தபோது பெரியவர் ஒரு வினாவைக் கேட்டார். "இனி எப்போது பார்க்க வேண்டும்?" கையேடு, ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 மணி நேரம் ஓடியதும் என்று சொல்கிறது. ஆண்டு என்றால் எந்த நாள்? இங்கேதான் நமக்குக் குளிர்காலம் தேவைப்படுகிறது. நான் அதற்கு ஆயுத பூசையைக் கொள்கிறேன். புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும் அந்நாளுக்கு முன் எல்லாக் கருவிகளையும் இறக்கித் துடைப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிவாள்மணை முதல் மோட்டார் வண்டிவரை பொட்டு வைத்துக்கொள்கின்றன. அடுத்த சில வாரங்களில் பருவமழை வலுக்கும். ஆகவே நவராத்திரி தொடங்குமுன் கரையேற்று என்பது என் பட்டறையின் பஞ்சாங்கம். சீன நண்பர்கள் தங்கள் புத்தாண்டுக்கு முன் வருகிறார்கள். மலாய் நண்பர் ஒருவர் நோன்புப் பெருநாளுக்கு முன் கொண்டுவருவார். அப்பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், அவர் படகுதான் கையேடு சொல்வதைவிட அடிக்கடி சோதிக்கப்படுகிறது.

பெரியவர் இயந்திர மூடியின் உட்புறத்தில், மாற்றிய உறுப்புகளின் பெயர்களையும் நாளையும் அழியாத மையால் எழுதச் சொன்னார். எழுதினேன். துருத்தி என்றே எழுதினேன்.

2023-ஆம் ஆண்டு ஆயுத பூசைக்கு முந்திய வாரம் படகு வந்தது. பேரனும் உடன் வந்திருந்தான். எண்ணெய் தேன்நிறத்தில் தெளிவாக இருந்தது. சீசாவைச் சுவரில் வைத்தேன். துருத்தியின் மடிப்புகளில் முளைத்திருந்த இரண்டொரு கொட்டலசை மரக்குச்சியால் நீக்கினேன். உலோகக் கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்தது, புதியதைப் பொருத்தினேன். பூசை நாளன்று படகு இன்னும் கரையில்தான் நின்றது. பையன் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்க் காலுக்கு மூன்று இடத்தில் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். மூன்றாவது பட்டை புதிய கட்டியின்மேல் முழுவதும் படிந்திருந்தது. அதன்மேல் எதுவும் பூசக் கூடாது, அது வெறும் உடம்போடு நீரில் நிற்க வேண்டும் என்று சொல்லி, ஈரத் துணியை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை மட்டும் துடைத்துவிட்டு, குங்குமத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.